மழைக்குக் கணக்குப் பார்த்தவர்: டாக்டர் வா.செ. குழந்தைசாமி

கல்வராயன் மலையில் ராத்திரி பெய்கிற மழை கோமுகி அணைக்கு எப்போது வந்து சேரும்? எவ்வளவு வரும்? எங்கள் கள்ளக்குறிச்சி விவசாயிக்கு இது பரீட்சைக் கேள்வி அல்ல. அணையின் முழு உயரமே 46 அடிதான். அதற்கு மேல் வருவதை ஆற்றில் திறந்துதான் விடணும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடிய பொறியாளர் ஒருவர் நம் கிண்டி வளாகத்தில் பாடம் நடத்தினார் என்பது நமக்கெல்லாம் பெருமை. அவர்தான் டாக்டர் வா.செ. குழந்தைசாமி.

1929-ல் கரூர் பக்கம் வாங்கலாம்பாளையத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நீரியலில் பிஎச்.டி. பெற்றார். மலைச்சரிவும் ஓடையும் வயலும் மழைநீரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துத்தான் ஆற்றுக்கு விடும். அப்படித் தங்கும் நீர், வரத்தையும் போக்கையும் மட்டுமல்ல, அவை கூடிக் குறையும் வேகத்தையும் பொறுத்தது என்று சமன்பாடாக எழுதினார். வென் டே சௌவுடன் சேர்ந்து 1971-ல் அவர் வெளியிட்ட அந்த மாடல், சௌவின் 'அப்ளைடு ஹைட்ராலஜி' பாடநூலிலும் இடம்பெற்றது. நம்மில் பலர் பெயரைக் கவனிக்காமலே படித்துவிட்டு வந்திருப்போம்!

1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர்; பிறகு டெல்லியில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதையும் எழுதினார். 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் நிறுவனத் தலைவராக இருந்து வழிநடத்தினார். 2002-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2016 டிசம்பர் 10-ல் காலமானார்.

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்க வேண்டி வந்தது. கீழே எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூர் வரை தென்பெண்ணைக் கரையோர மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வரப்போகும் தண்ணீரைச் சில மணி நேரம் முன்னால் சரியாகக் கணித்தால், அணையில் முன்கூட்டியே இடம் பண்ணலாம். கரையோர மக்களைப் பகலிலேயே மேட்டுக்கு அனுப்பலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஹைட்ராலஜியை மார்க்குக்கு மட்டும் படிக்காதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்கும் ஆற்றுக்கும் ஒரு தடவை அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வா.செ.கு.வுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.