தன்னை மறுத்தல்: தமிழ்க் கிறித்தவ வாழ்வில் ஒரு சொல்லின் வரலாறு

உலு யாம் முதல் கோல சிலாங்கூர் வரை பரந்து கிடந்த தோட்டங்களில், மாரியம்மன் கோயிலுக்கு அருகிலேயே சிற்றாலயங்களில் செபம் செய்த தமிழ்க் குடும்பங்களும் வாழ்ந்து வந்துள்ளன. அவர்கள் ஓதிய திருமறையில் அடிக்கடி ஒலித்த சொற்றொடர்களுள் ஒன்று ‘தன்னை வெறுத்தல்’ என்பதாகும். உலக ஆதாயத்தினும் விசுவாசத்தை மேலாகக் கொள்ளும் வாழ்வை அச்சொல் குறித்தது. அதன் பொருள் யாது, தமிழ் மண்ணில் அதனை வாழ்ந்து காட்டியோர் யாவர் என்பவற்றை நாம் இவ்வுரையில் ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாக ஓதிவரும் பழைய மொழிபெயர்ப்பில் ‘வெறுத்தல்’ என்னும் வினையே இவ்விடத்தில் ஆளப்படுகிறது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இதனைத் ‘தன்னலம் துறத்தல்’ என்று பெயர்க்கிறது. இரண்டும் ஒன்றல்ல. தன்னை வெறுப்பவன் தன் உயிரையே பகையாகக் கருதக்கூடும். தன்னலம் துறப்பவனோ தன் உயிரை மதித்துக்கொண்டே அதன் ஆசையை அடக்குகிறான். மேலும், துறவு என்னும் சொல் தமிழர் செவியில் இல்லறம் நீங்கிக் காடு செல்லும் முனிவரையும் நினைவூட்டுகிறது.

மூலமாகிய கிரேக்க நூலை நோக்கின் வேறொரு தெளிவு பிறக்கிறது. மாற்கு எழுதிய நற்செய்தியில் இவ்விடத்தில் வரும் வினையே, பேதுரு தம் ஆண்டவரை ‘அறியேன்’ என்று சொன்ன நிகழ்ச்சியைக் குறிக்கவும் வருகிறது. அதனைத் தமிழில் ‘மறுதலித்தல்’ என்கிறோம். எனவே, தன்னை மறுத்தல் என்பது உடலை வருத்துவதன்று; ‘நான், எனது’ என்று உரிமை கோரி வரும் ஒன்றை நோக்கி, ‘உன்னை நான் அறியேன்’ என்று சொல்லும் துணிவாகும். இப்பொருளை மனத்திற்கொண்டு இரு புலவர்களின் வாழ்வைக் காண்போம்.

அரசவையில் ஒரு மறுப்பு

வேதநாயக சாத்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். சுவார்ட்சு ஐயர் அவரைச் சிறுவராக இருக்கும்போதே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் சுவார்ட்சின் அரவணைப்பில் வளர்ந்தவரே. இவ்வுறவினால் சாத்திரியாருக்கு அரண்மனையின் ஆதரவு கிட்டியது. அவர் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவம் ஒன்றைக் கிறித்தவப் பொருளுக்கு இசைவித்த நூலாகும்.

அதன் சுவையில் ஈடுபட்ட மன்னர், பெருவுடையார் மீதும் அவ்வாறு ஒரு குறவஞ்சி பாடித் தருமாறு வேண்டினார் என்றும், சாத்திரியார் பணிவுடன் மறுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இம்மறுப்பின் கனத்தை நாம் உணர வேண்டும். அக்காலப் புலவனுக்கு அரசனே வாழ்வாதாரம். கேட்டவர் பகைவரும் அல்லர். உடன் வளர்ந்த நண்பர். கேட்கப்பட்டதும் புலமைக்குப் பெருமை தரும் செயலே. அச்சுறுத்தலுக்கு எதிராக நிற்பதைவிட, அன்புடன் நீட்டப்படும் ஆதாயத்தை விலக்குவது அரிது. சாத்திரியார் பிறர் வழிபாட்டை இழித்துரைத்து மறுத்தார் என்று அவ்வரலாறு கூறவில்லை. தம் நா ஒருவருக்கே உரியது என்று கொண்டு மறுத்தார் என்றே கூறுகிறது.

ஆயினும் வரலாறு எழுதுவோர் ஒருவரது வாழ்வின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டலாகாது. 1820களில் தஞ்சைச் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்கப் புதிய மிஷனரிமார் முனைந்தபோது, அதனை எதிர்த்து எழுதியோருள் சாத்திரியாரும் ஒருவர். அரசனின் பரிசிலை மறுக்க முடிந்தவர்க்குப் பிறப்பால் வந்த பெருமையை மறுக்க இயலவில்லை. இது அவர் புகழைக் குறைப்பதற்காகச் சொல்வதன்று. செல்வத்தைக் கைவிடுவதினும் மேன்மை உணர்வைக் கைவிடுவது கடினம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கம்பனைக் கற்றவரின் பயணம்

எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் தோன்றினார். இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஆழ்ந்து பயின்றார். 1853இல் சாயர்புரத்து மிஷன் கல்விநிலையத்தில் தமிழாசிரியரானார். ஐந்தாண்டுகள் கழித்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரை ஏற்றார்.

இந்த ஆண்டு வரிசையை மாணவர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். பதவிக்காகவே பலர் மதம் மாறினர் என்னும் குற்றச்சாட்டு அக்காலத்தில் பரவலாக இருந்தது. சிலரைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருந்திருக்கலாம். கிருட்டிணபிள்ளைக்கோ ஆசிரியப் பதவி வைணவராக இருந்தபோதே கிட்டிவிட்டது. சமயம் மாறியதனால் அவர் பெறவேண்டிய புதிய வேலை ஒன்றும் இல்லை. இழக்கவேண்டிய சுற்றமும் குலமதிப்பும் மிகுதியாக இருந்தன.

எனினும் அவர் எல்லாவற்றையும் துறக்கவில்லை. தம் தமிழையும், கம்பனிடம் கற்ற விருத்தத்தையும் கையோடு கொண்டு சென்றார். அதன் விளைவே 1894இல் நூலாக வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’. மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட இக்காப்பியம், ஆங்கிலேயர் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவியது. மொழிபெயர்ப்பாக நின்றுவிடாமல், ஆதி பருவம் தொடங்கி இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களாகத் தமிழ்க் காப்பிய மரபில் அது விரிகிறது.

பன்யனின் வாழ்வும் நம் பொருளுக்கு உரியதே. பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியான அவர், அரசின் இசைவின்றிப் போதித்த குற்றத்திற்காக 1660 முதல் 1672 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். ‘இனிப் போதிப்பதில்லை’ என்று ஒரு வாக்குத் தந்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். வீட்டில் மனைவியும், பார்வையற்ற மகள் உள்ளிட்ட பிள்ளைகளும் இருந்தனர். அவர் வாக்குத் தரவில்லை. சிறையிலிருந்தே காலணி நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். விசுவாசத்திற்காகச் சிறையை ஏற்றவர் குடும்பக் கடமையைக் கைவிடவில்லை என்பது கருதத்தக்கது.

அவர் படைத்த சந்தையில் பட்டமும் பதவியும் இன்பமும் விற்கப்படுகின்றன. அங்கு எதையும் வாங்க மறுத்ததே பயணிகள் செய்த குற்றம். அவர்களுள் ஒருவன் உயிரையும் இழக்கிறான். கிருட்டிணபிள்ளை அவனுக்குச் சூட்டிய பெயர் ‘நிதானி’. உண்மையில் உறைந்து நிற்பவன் என்னும் பொருளைத் தமிழ்ச் சொல் ஒன்றிலேயே அடக்கிவிட்ட திறம் போற்றத்தக்கது.

தோட்டத்து வாழ்வும் துறவும்

இங்கு நம் நாட்டுச் சூழலில் ஒரு கேள்வி எழுகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, லயத்து அறையில் வாழ்ந்த மக்களிடம் ‘தன்னை மறுத்துக்கொள்’ என்று கூறுவது முறையா? அவர்களுக்கு உரியவற்றை மறுக்கத்தான் கங்காணியும் கிராணியும் துரையும் இருந்தார்களே! 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. அக்காலத் தோட்ட வாழ்வு எத்தகையது என்பதை அதுவே காட்டும்.

பிறர் பறித்துக்கொண்டதைத் தியாகம் என்று பெயரிட்டு அழைக்கலாகாது. சாத்திரியாரிடம் பரிசில் நீட்டப்பட்டது. கிருட்டிணபிள்ளையிடம் குலமதிப்பு இருந்தது. பன்யனுக்குச் சிறைக்கதவு திறக்கக் காத்திருந்தது. கையில் உள்ளதை, அல்லது கைக்கு எட்டியதை, தானே மனமுவந்து விலக்கியபோதுதான் அது தன்மறுப்பாயிற்று. ஏழையிடம் பொறுமையைப் போதிப்பது எளிது. அவனுக்குரிய கூலியைக் குறைக்காதிருக்கத் தன் இலாபத்தைக் குறைத்துக்கொள்வதே அரிது. இந்த வேறுபாட்டைச் சமயம் சார்ந்தோர் மறந்த இடங்களிலெல்லாம் துறவு என்னும் சொல் ஆதிக்கத்திற்குக் கருவியாயிற்று.

நிறைவாக ஒருவரை நினைவுகூர்வோம். இல்லறம் துறந்த கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயக அடிகள் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தினார். அம்மாநாடு எல்லாச் சமயத்துத் தமிழறிஞர்க்கும் உரிய அவையாக விளங்கியது. ‘எனது’ என்பதை மறுத்தவரிடத்தில் ‘நமது’ என்பது வளரும் என்பதற்கு இந்த மண்ணிலேயே நாம் கண்ட சான்று அது. ஆசிரியர்கள் வகுப்பில் இப்புலவர்களின் நூல்களைக் கற்பிக்குங்கால், பாவகையையும் அணியையும் விளக்குவதோடு, அந்நூல்களுக்காக அவர்கள் எவற்றை வேண்டாம் என்றனர் என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.