சிறு பாலூட்டி மாதிரிகள்

எலி, மூஞ்சூறு, அணில், வௌவால், தேவாங்கு போன்ற சிறிய காட்டுயிர்களைப் பாடம் செய்து, பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் ஆய்வுக்காகக் காத்துவரும் உடல்கள். கண்ணாடிப் பெட்டியில் நிற்பவை அல்ல இவை. பெரும்பாலும் இழுப்பறைகளில் வரிசையாகப் படுத்திருப்பவை.

தோலை உரித்து, பூச்சி அரிக்காதிருக்க உட்புறம் மருந்து தடவி (முன்பு ஆர்சனிக் சோப்பு), பஞ்சடைத்துத் தைப்பார்கள். மண்டையோட்டின் சதையைத் தின்று தீர்க்க ஒருவகை வண்டுகளை விடுவதுண்டு. வௌவாலை முழுதாக ஆல்கஹாலில் இட்டும் வைப்பார்கள். பின்னங்காலில் கட்டும் சீட்டுதான் மாதிரியின் உயிர்: பிடித்த இடம், தேதி, பிடித்தவர், ஆணா பெண்ணா, உடல், வால், பின்பாதம், காது ஆகியவற்றின் அளவு. சீட்டு அறுந்துபோன உடல் எந்தக் காட்டுக்கும் சாட்சி சொல்லாது.

சீட்டோடு பத்திரமாக இருந்ததால் என்ன கிடைக்கும் என்பதற்கு மேகமலை வௌவாலே சான்று. 1948இல், அன்று மதுரை மாவட்டத்திலும் இன்று தேனி மாவட்டத்திலும் உள்ள மேகமலையில், இயற்கையாளர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது, எங்கும் காணப்படும் குறுமூக்குப் பழவௌவால் என்றே பதிவாகி 24 ஆண்டுகள் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். வெளியே தெரியும் வால் இல்லை. குறுமூக்கு வௌவாலுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு இணை வெட்டுப்பற்கள் இருக்க, இதற்கு ஒவ்வோர் இணைதான். இனம் மட்டுமல்ல, பேரினமே புதியது. 1972இல் லாட்டிடென்ஸ் சலிமாலி என, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்த வௌவால் இனத்தை உயிரோடு மீண்டும் கண்டது 1990களில்தான். பழைய இழுப்பறைகளைப் பராமரிக்கப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

ஆனால் எல்லாவற்றையும் உடலில் படிக்க முடியாது. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள தேவாங்கை அனுமதியின்றிப் பிடிக்கவே கூடாது. திண்டுக்கல்லை அடுத்த அய்யலூர்க் காடுகளில் 1997–98இல் ஆய்வாளர் அன்னா நெக்காரிஸ் அதை உயிரோடே, இரவில் பின்தொடர்ந்து படித்தார். தனித்தே திரியும் என்று நம்பப்பட்ட அது, கூட்டாக உறங்குவதையும், எறும்பு, கரையான் முதலிய பூச்சிகளையே பெரிதும் தின்பதையும் கண்டார். யாரோடு உறங்கியது என்பதை எந்தச் சீட்டும் சொல்லியிருக்காது. 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பு, கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.