மெய்ப்பாடும் மும்மொழியும்: அஞ்செட்டியை முன்வைத்து ஆட்டிச நிலையாளருக்கான குழுச் சிகிச்சை

ஆட்டிச நிலையாளருக்கு உணர்வே குறைவு என்ற எண்ணம் இன்னும் நீங்கவில்லை. அவர்களுள் பலருக்கு அரிதாக இருப்பது உணர்வன்று. அதை இனம்கண்டு பெயர் சொல்லும் வழி. உளமருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970களில் அலெக்ஸிதைமியா எனப் பெயரிட்ட இந்த இயலாமை, 2019இல் வெளியான தொகுப்பாய்வின்படி, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் உண்டு. பிறருள் நூற்றுக்கு ஐவரிடம். மறுபாதியினரிடம் இந்தத் தடையும் இல்லை. புரியாமை ஆட்டிச நிலையாளர், பிறர் என இருபுறமும் இருக்கிறது என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டது இங்கே பொருந்துகிறது.

லெஸ்லி கிரீன்பெர்க் முதலானோர் வளர்த்த உணர்வுமையச் சிகிச்சையை ஆட்டிச நிலையாளரான பெரியவர்களின் குழுக்களுக்கு ஏற்ப அமைத்தவர்கள் அன்னா ராபின்சனும் ராபர்ட் எலியட்டும். அமர்வைக் காணொளியாகப் பதிந்து, துண்டுதுண்டாக மீண்டும் ஓடவிட்டு, “அந்த நொடியில் உள்ளே என்ன நடந்தது?” என்று கேட்கிறார்கள். இதுவரையான சான்றுகள் சிறு குழுக்களிலிருந்தே வந்தவை. ஆயினும், கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கும் பயிற்சிகளைவிட இதையே நான் மதிக்கிறேன். அவை தம் இயல்பை மறைக்கக் கற்றுத்தருகின்றன.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியில் இப்படியொரு குழு அமைந்தால் எந்த மொழியில் பேசும்? பல வீடுகளில் கன்னடம் அல்லது தெலுங்கு, பள்ளியில் தமிழ், ஓசூர் ஆலைகளில் எல்லாம் கலந்த பேச்சு, உயர்சிகிச்சைக்கோ பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை. உணர்வுக்குச் சொல் தேடித் தவிப்பவரிடம் மூன்றாம் மொழியில் ‘மனச்சோர்வா, பதற்றமா’ என்று கேட்பது சிகிச்சையாகாது. உடலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். தமிழில் வயிற்றெரிச்சல், கன்னடத்தில் ‘ஹொட்டெ உரி’, தெலுங்கில் ‘கடுபு மண்ட’: மூன்று மொழியிலும் எரிவது வயிறுதான்.

உணர்வு உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் உடலையே முன்வைக்கிறது. எட்டு மெய்ப்பாட்டுக்கும் நந்நான்கு நிலைக்களன் சொல்லும் அந்நூல், வெகுளியின் களன்களில் ஒன்றாக ‘அலை’யைச் சொல்கிறது. அலைக்கப்பட்டவனின் சினம் அது. ஆலை ஷிப்ட் பேருந்தின் இரைச்சலில் ஆட்டிச நிலையாளர் ஒருவர் கத்திவிட்டால் ‘கோபக்காரன்’ என்கிறோம். சினத்துக்கு அடியில் கிடக்கும் அச்சத்தையும் நோவையும் தேடுவதே உணர்வுமையச் சிகிச்சையின் வேலை. ஆனால் மெய்ப்பாட்டியல், உடற்குறியைக் காண்பவர் சரியாக உணர்வார் என்று கொள்கிறது. கைகளை உதறுவது உவகையாகவும் இருக்கலாம் என்பதை எத்தனை பேர் அறிவர்? ஆகவே குறியைப் படிக்கும் உரிமை முதலில் அந்த உடலுக்கு உரியவரிடமும், பிறகு அவரைப் போன்றோர் கூடிய குழுவிடமும் இருக்க வேண்டும். காணொளி அதற்கு உதவும். சிற்றூரில் அது யாருடைய கைப்பேசிக்கும் போகாது என்ற உறுதி இருந்தால் மட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 மாற்றுத்திறன் வகைமைகளுள் ஒன்றாக ஏற்றது. அதற்கு வயது வரம்பில்லை. அந்த உரிமையை வீடுவரை கொண்டுசெல்ல ஒரு வழியும் உண்டு: தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடிவரும் அத்திட்டப் பணியாளர், வீட்டு மொழி அறிந்தவராயின், குழுவுக்கான முதல் அழைப்பையும் கொண்டுவர முடியும். முதல் அமர்வில் கேட்க ஒரே கேள்வி போதும்: வயிறு எரிகிறது என்கிறீர்களே, சாப்பாட்டுக்குப் பிறகா, யாராவது பேசிய பிறகா?