கடுகண்ணாவை ஏற்றமும் கைமாறிய கார்களும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பிரயாணம் செய்வோர் மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு காலத்தில் தவறாமல் கண்ட காட்சி ஒன்று உண்டு. முன்மூடியைத் திறந்துவைத்து ஓரங்கட்டி நிற்கும் மொரிஸ் மைனர். அதனுள்ளிருந்து புஸ்ஸென்று எழும் ஆவி. பாறையிடுக்குப் பீலியில் தகரப் பேணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சாரதி. "சூட்டோட மூடியைத் திருகிடாதீங்க தம்பி, முகத்துல அடிச்சிரும்" என்று பக்கத்திலிருந்து எச்சரிக்கும் முதியவர். வண்டி புதியதா பழையதா என்று அங்கே எவரும் விசாரிப்பதில்லை. ஏறுமா ஏறாதா என்பதே விசாரணை.

அந்த ஏற்றமே கண்டியின் வாகன சரித்திரத்துக்கு முதல் அத்தியாயம். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாகும்வரை மலைநாட்டுக்குள் சரக்குகள் தவள மாடுகளின் முதுகிலும் மனிதர் தலையிலுமே ஏறிச் சென்றன. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் அமைப்பித்த பெருந்தெருவுக்காக உழைத்த கப்டன் டோசன் 1829 இல் காலமாக, அவர் ஞாபகார்த்தமாக 1832 இல் எழுந்த கோபுரம் இன்றும் கணவாயின் உச்சியில் நிற்கிறது. அதே ஆண்டில் குதிரைத் தபால் வண்டி கண்டிக்கு ஓடத் தொடங்கியது. 1867 இல் புகையிரதமும் வந்து சேர்ந்தது.

இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902 இல் வந்ததாகச் சொல்வர். மலைநாட்டில் அந்த வாகனத்தை முதலில் ஆண்டவர்களில் முக்கியமானோர் தோட்டத்துத் துரைமாரே. ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது அவருடைய ஓஸ்டினோ ஹில்மனோ கண்டி நகரத்து டாக்டரிடமோ புறொக்டரிடமோ கைமாறி, பின்னர் கடை முதலாளியிடம் வந்து, கடைசியில் வாடகைக் காராகித் தேய்ந்தது. ஆகையால் கண்டிக்காரருக்குக் கைமாறிய காரை வாங்குவது கௌரவக் குறைவாகத் தோன்றியதில்லை. இன்னார் வைத்திருந்த வண்டி என்று வம்சாவளி சொல்லி வாங்குவதே சம்பிரதாயமாயிற்று. மூன்றாம் கையாக வந்த காருக்கும் கட்டுக்கலைப் பிள்ளையார் சந்நிதியில் மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு, 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அவை நீடித்தபோது, இந்தச் சம்பிரதாயம் நிர்ப்பந்தமாக மாறியது. இருக்கிற காரே இனியும் இருக்கும் கார் என்றாகிவிட்டபடியால், கராஜில் குனிந்து நின்ற பாஸ்மார் வைத்தியரைப்போல் மதிக்கப்பட்டார்கள். கிடைக்காத உதிரிப் பாகத்தைக் கடைசல் பட்டறையிலே கடைந்து பொருத்தினார்கள். வாங்குபவன் முதலில் வாசித்தது இலக்கத் தகட்டை. வண்டியின் ஜாதகம் அதிலேதான் இருந்தது. 1957 முதல் அந்தத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியதும், அதை எதிர்த்துத் தமிழர் தார் பூசிப் போராடியதும் அந்த ஜாதகத்தில் அடங்கிய வேறொரு துயர வரலாறு. தகட்டை வாசித்தபின், ஹந்தானை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஒரு முறை ஏற்றிப் பார்த்தால் பேரம் முடிந்தது.

1977 க்குப் பின்னர் ஜப்பானிலிருந்து 'ரீகண்டிஷன்' வண்டிகள் கப்பல் கப்பலாக வந்தன. நிசான் சனியும் டொயோட்டா கரோலாவும் கண்டி வீதிகளை நிறைத்தன. உருண்டு திரண்ட உருவத்துக்காக 'டொல்பின்' என்று ஜனங்கள் பெயரிட்ட ஹைஏஸ் வான், பாடசாலைப் பிள்ளைகளையும் கல்யாணக் கூட்டத்தையும் ஒருங்கே சுமந்தது. மீற்றரைப் பின்னோக்கித் திருப்பும் வித்தையும் பெயர் மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' விற்கும் வழக்கமும் இக்காலத்தில் செழித்தவையே.

பின்பு வந்தது மின்சாரம். 2015 ஐ ஒட்டி வரிச் சலுகையின் நிழலில் ஜப்பானில் ஓடிய நிசான் லீஃப் கார்கள் ஏராளமாக வந்திறங்கின. அவ்வாண்டின் இறுதியில் வரவுசெலவுத் திட்டம் வரியை உயர்த்தியதும் அந்த வேகம் அடங்கிவிட்டது. மின்சாரக் கார் கண்டி ஏற்றத்தைத் தாங்காது என்று பலர் பரிகசித்தார்கள். ஆனால் ஒன்றரைத் தொன் நிறையை 500 மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் பௌதிக சாஸ்திரம் கேட்பது ஏறக்குறைய 2 யூனிட்தான். லீஃபின் பற்றறியோ 24 யூனிட் கொள்வது. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பியும் வருகிறது. குறை ஏற்றத்தில் இல்லை, மூப்பில் இருக்கிறது. புதிதாயிருக்கையில் அமெரிக்க அளவீட்டின்படி சுமார் 117 கிலோமீற்றர் ஓடிய அந்தக் கார், கொழும்பு-கண்டித் தூரத்துக்கு மட்டுமட்டாகப் போதுமானது; பற்றறியின் வலு மூன்றில் இரண்டு பங்காகத் தேய்ந்துவிட்டாலோ, ஏற்றம் ஆரம்பிக்குமுன்பே கேகாலையோடு நின்றுவிடும்.

2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டது. 2022 இல் கண்டியிலும் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசைகள் நீண்டபோது, பரிகாசத்துக்குள்ளான லீஃப் கார்கள் அவ்வரிசைகளைக் கடந்து சத்தமின்றி ஓடின. அவற்றுக்கு ஊட்டப்பட்ட மின்சாரத்தில் பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் மறித்த மகாவலி நீரின் பங்கும் உண்டு, நுரைச்சோலை நிலக்கரியின் பங்கும் உண்டு. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறந்தபின் சீனத்து மின்சாரக் கார்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்றான பிவைடியின் கார் ஒன்றுக்கு டொல்பின் என்றே பெயர்.

பழைய டொல்பின் வயோதிகத்திலும் விலைபோவதற்குக் காரணம், அதன் வியாதி எதுவாயினும் திறந்து பார்க்க ஒரு கை கண்டியில் இருப்பதே. புதிய டொல்பினுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டினாலன்றி, அது கைமாறும் தகுதியை அடையாது என்பது என் அபிப்பிராயம். அண்மையில் ஒரு கராஜில், டொயோட்டா பிரியஸின் பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து பற்றறிப் பெட்டியை இறக்கி, இறப்பர்க் கையுறையோடு அதன் 28 கூறுகளையும் ஒவ்வொன்றாக மீற்றர் வைத்து அளந்து, சோர்ந்துபோன கூறுகளுக்கு மாத்திரம் சோக்கட்டியால் புள்ளியிட்டுக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். அவனுடைய தகப்பனார் அதே பலகையில் மொரிஸ் மைனரின் வால்வுகளைத் தேய்த்தவராம். புள்ளி விழுந்தவை மூன்று. மற்ற இருபத்தைந்தும் இன்னும் ஏறும் என்றான்.