வட்டுக்கோட்டை செமினரி: 32 ஆண்டுகளில் மூடப்பட்ட ஒரு பள்ளியின் கதை



தமிழ்ப் பாடநூலில் சி.வை. தாமோதரம்பிள்ளை பெயரை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஏட்டுச் சுவடியில் கிடந்த நூல்களை அச்சில் கொண்டுவந்தவர் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருப்பீர்கள். அந்த "சி.வை." என்பதற்கு விரிவு என்ன என்று இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சிலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். தமிழில் எழுதினால் சிறுப்பிட்டி வைரவநாதர். சிறுப்பிட்டி அவர் பிறந்த ஊர், வைரவநாதர் அவர் தகப்பனார். அதே மனிதர் ஆங்கிலத்தில் சி.டபிள்யூ. என்று எழுதினார். அதன் விரிவு சார்லஸ் வின்ஸ்லோ. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த அமெரிக்கப் பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் வட்டுக்கோட்டை செமினரியின் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

1816ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து சில இளம் மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் போர்டு என்ற சபை அனுப்பியவர்கள் அவர்கள். டேனியல் பூவர் தெல்லிப்பழையிலும், மெய்க்ஸ் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் காலத்துப் பழைய கோயில் கட்டடங்கள் சிதிலமாகக் கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுத் தங்கினார்கள். ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளிகளில் நன்றாகப் படித்த பையன்களைச் சேர்த்து 1823இல் வட்டுக்கோட்டையில் மேல்படிப்புக்கான பள்ளி ஒன்றை ஆரம்பித்தார்கள். கல்லூரி என்று பெயர் வைக்கத்தான் ஆசை. கொழும்பிலிருந்த ஆங்கிலேய அரசு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் செமினரி என்ற பெயர் நிலைத்தது. பூவர்தான் முதல் தலைமையாசிரியர்.

செமினரி என்றால் பாதிரியார் ஆகிறவர்கள் மட்டும் படிக்கும் இடம் என்று நாம் நினைக்கிறோம். இது அப்படி இல்லை. வேதாகமம் கட்டாயம். ஜெபமும் கட்டாயம். அதோடு ஆங்கிலம், தமிழ் இலக்கணம், வடமொழி, யூக்ளிடின் வடிவ கணிதம், பீஜ கணிதம், தர்க்கம், இயற்பியல், வானியல் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. நூலகமும் வானியல் கருவிகளும் இருந்தன. இலங்கைத் தலைமை நீதிபதியாக இருந்த சர் ரிச்சர்ட் ஓட்லியின் பெயரில் ஒரு மண்டபம் இருந்தது. 1857இல்தான் சென்னைப் பல்கலைக்கழகமே வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

புத்தகம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. 1820இல் ஜேம்ஸ் காரெட் என்ற அச்சகர் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலேய அரசு அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டது. 1830களின் நடுவில்தான் மானிப்பாயில் மிஷன் அச்சகம் ஓடத் தொடங்கியது. அதுவரை ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் ஓலையில்தான் படித்தார்கள். அச்சகம் வந்தபின் பாடநூல்கள் வந்தன. 1841இல் "உதயதாரகை" என்ற பத்திரிகையும் வந்தது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் செமினரி மாணவர்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் மிஷன் செலவு. அந்தச் செலவை அமெரிக்காவிலுள்ள சபைகளும் தனி மனிதர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பணம் அனுப்பியவர் தமக்குப் பிடித்த பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லலாம். அப்படித்தான் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை என்ற பெயர்கள் வந்தன. படிக்க வைத்தவர் பெயரைச் சுமந்துகொண்டு அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க நடந்தார்கள். உதவி வாங்கிப் படிக்கிற பிள்ளையின் மனநிலை நம் வடசென்னைக்காரர்களுக்குத் தெரியாதது இல்லை.

சாப்பாட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர் வீட்டுப் பிள்ளைகள். கிறிஸ்தவர் வளாகத்துக்குள் சமைத்ததைச் சாப்பிட்டால் சாதி கெட்டுப்போகும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அதனால் ஆரம்ப காலத்தில் வளாகத்தை ஒட்டி வெளியே சமையல்கட்டு வைத்து, சைவ சமையல்காரர் சமைத்துப் போட, பிள்ளைகள் அங்கே போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். மிஷனரிகள் பொறுத்துப் போனார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மிகக் குறைவாகவே திறந்தது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. புகழை மட்டும் சொன்னால் அது வாழ்த்துமடல் ஆகிவிடும். பெண் பிள்ளைகளுக்கு உடுவிலில் 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் தனியாக விடுதிப் பள்ளி தொடங்கினார். அது இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக நடக்கிறது.

செமினரியில் பாடம் நடந்த விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1829 மார்ச் மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. பஞ்சாங்கக்காரர் கணித்த நேரத்துக்கும் பூவர் கணித்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தது. பூவர் முன்கூட்டியே இதை அறிவித்து, எல்லோரையும் பார்க்கச் சொன்னார். அவர் கணக்குத்தான் சரியாக வந்தது. பஞ்சாங்கத்தை ஆட்டிவிட்டால் சமயமும் ஆடும் என்பது அவர் எண்ணம். ஆனால் நடந்தது வேறு. அவருக்குப் பின் தலைமையேற்ற ஹொய்சிங்டன், நம்முடைய வானியல் முறையையே உட்கார்ந்து படித்து நூல் எழுதினார். பிறகு சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1854இல் அமெரிக்காவில் அச்சாயிற்று. மறுப்பதற்காகப் படிக்க ஆரம்பித்தவர், படித்ததை உலகத்துக்கு எடுத்துச் சொல்கிறவராக ஆனார். மாணவர்கள் பக்கமும் அப்படித்தான். பைபிளோடு தமிழ் நூல்களையும் தர்க்கத்தையும் படித்தவர்களில் சிலர் கிறிஸ்தவர்களாகவே வாழ்ந்தார்கள். தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் சைவத்துக்குத் திரும்பினார்கள்.

இனி மூடுவிழா. 1855இல் பாஸ்டனிலிருந்து சபையின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். அவர் கேள்வி எளிமையானது. நாம் ஊழியக்காரர்களை உருவாக்கப் பணம் கொடுக்கிறோம். இவர்கள் ஆங்கிலம் படித்துவிட்டு அரசாங்க வேலைக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். பிறகு இந்தப் பள்ளி எதற்கு? கிராமத்து மக்களுக்கு அவர்கள் மொழியில் பேசுகிற போதகர்தான் தேவை என்றார். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. மதுரைப் பக்கம் பசுமலையில் இதைப் பார்த்து நடந்த செமினரியிலும் ஆங்கிலப் படிப்பு வெட்டப்பட்டது.

ஆண்டர்சனை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. தாய்மொழியில் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று அவர் சொன்னது உண்மை. வகுப்பறையில் நின்ற எவரும் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் வேலைக்காக ஆங்கிலம் தேடுகிற பிள்ளையைக் குற்றவாளியாகப் பார்த்தது தவறு. சுண்ணாம்புக் காளவாயிலும் மீன்பிடி துறைமுகத்திலும் வேலை பார்க்கும் அப்பா, தன் பிள்ளை மேசை நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைப்பது பேராசையா? இன்னொன்றும் உண்டு. செமினரி தமிழைத் தள்ளிவைத்துவிட்டு ஆங்கிலம் கற்பித்த இடமல்ல. கரோல் விசுவநாதபிள்ளை பீஜ கணிதத்தைத் தமிழில் எழுதினார். நெவின்ஸ் தர்க்க நூலைத் தமிழில் எழுதினார். இரண்டு மொழியும் தெரிந்ததால்தான் இது முடிந்தது.

மூடியபின் நடந்ததையும் பாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் படித்தால் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள் என்ற அதே கவலை அவருக்கும் இருந்தது. அவர் பள்ளியை மூடவில்லை. உடற்கூறு முதலான மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் மருத்துவத்தையே தமிழில் நடத்தினார். ஒரே பிரச்சினைக்கு ஒருவர் பூட்டுப் போட்டார், ஒருவர் புத்தகம் எழுதினார். ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர் ஒருவர் வட்டுக்கோட்டையிலேயே ஆங்கிலப் பள்ளி நடத்தினார். 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்த மைரன் வின்ஸ்லோ 1836இல் சென்னைக்கு வந்தார். அந்த மிஷனுக்கு நம் ராயபுரத்திலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் நிலையங்கள் இருந்தன. வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானது. 67,000 சொற்களுக்கு மேல் கொண்டது. பிறகு வந்த அகராதிகளுக்கெல்லாம் அது ஏணிப்படி.

தாமோதரம்பிள்ளையும் சென்னைக்கு வந்து "தினவர்த்தமானி" பத்திரிகையை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் விசுவநாதபிள்ளை. இரண்டு பேருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். பின்னாளில் தாமோதரம்பிள்ளை வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) என்று வரிசையாகப் பதிப்பித்தார். 1901 ஜனவரி முதல் நாள் புரசைவாக்கத்தில் காலமானார்.

பாஸ்டன் சபையின் கணக்குப்படி இவர் செமினரிக்கு நட்டம். ஊழியத்துக்குப் போகவில்லை, சமயத்திலும் நிற்கவில்லை. தமிழின் கணக்குப்படி அந்த ஒரு மாணவருக்காகவே அந்தச் செமினரி நடந்திருக்கலாம். பள்ளி நடத்துகிறவரின் நோக்கம் ஒன்று, படிக்கிற பிள்ளை எடுத்துக்கொள்வது வேறொன்று. கணக்கு முடிய ஐம்பது ஆண்டு ஆகும். அதற்குள் பூட்டுப் போடக் கூடாது.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் போடவா, இங்கிலீஷ் மீடியத்தில் போடவா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் சேருங்கள். இரண்டு விஷயத்தை மட்டும் விசாரியுங்கள். பிள்ளை தமிழில் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதப் பழக்குகிறார்களா? நூலகத்தைப் பூட்டிவைக்காமல் பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுக்கிறார்களா? சேர்க்கும் நாளில் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல நூலக அலமாரியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால், வட்டுக்கோட்டை வளாகத்தின் படங்களைக் கீழே போடுங்கள். மற்றவர்களும் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவொற்றியூர்