மாவு அரைக்க ஆளில்லாத வீடுகள்

கொள்ளைநோய்களின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் முதல் கேள்வி, அந்த வீடுகளில் அடுப்பை மூட்டியது யார் என்பதுதான். பாடநூல்கள் படைகளை எண்ணுகின்றன, பிணங்களை எண்ணுகின்றன. அடுப்பை எண்ணுவதில்லை.

1518 இறுதியில் கரீபியத் தீவான இஸ்பானியோலாவில் பரவிய பெரியம்மை, 1520-இல் மெக்சிகோவுக்குள் நுழைந்தது. அஸ்டெக் அரசர் குயித்லாவக் அதற்குப் பலியானார். நஹுவாட்டில் மொழியில் அதன் பெயர் 'ஹுயே சாவாட்ல்'. பெரிய கொப்புளம் என்று பொருள். நம் மொழி அந்நோயை அம்மை என்று உறவாக்கி வைத்திருந்தது. அவர்களுக்கோ அது முன்பின் அறியாத நோய். ஒரே நேரத்தில் வீட்டிலுள்ள எல்லோரும் படுத்தார்கள்.

கோர்த்தெஸின் வரலாற்றை 1552-இல் வெளியிட்ட லோபெஸ் தெ கோமாரா, போகிற போக்கில் ஒரு செய்தியைப் பதிவுசெய்கிறார். பலர் பட்டினியால் மாண்டார்கள். மக்காச்சோளம் இல்லாமல் அல்ல, மாவு இல்லாமல். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, மண்டியிட்டுக் கல்லில் அரைத்து, ரொட்டி சுடுவது பெண்களின் அன்றாட வேலை. பெண்கள் விழுந்ததும் சாப்பாடு நின்றது. தாகத்துக்குத் தண்ணீர் தரவும் ஆளில்லை. அதுவரை யாரும் உழைப்பென்று கணக்கில் வைக்காத ஒன்று, நின்றுபோனபோதுதான் வரலாற்றில் ஒரு வரியானது.

ஆகவே, 'எதிர்ப்புச் சக்தி இல்லாததால் இறந்தார்கள்' என்று முடித்துவிடுவதை நான் ஏற்பதில்லை. மத்திய மெக்சிகோவின் மக்கள்தொகை ஒரு நூற்றாண்டுக்குள் பத்தில் ஒன்பது பங்குவரை சரிந்ததாகப் பல ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கிருமியோடு போரும் பசியும் கட்டாய உழைப்பும் சேர்ந்தே அதைச் செய்தன. ஊர் சுருங்கிய வேகத்தில் திறை சுருங்கவில்லை. இறந்தவர்களின் பங்கையும் இருப்பவர்கள் சுமந்தார்கள். திறையாகப் போன பருத்தித் துணியை நெய்தவர்கள் பெண்கள். பெருவில் 1573 முதல் ஆண்களில் ஏழில் ஒருவரைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு முறைவைத்து அனுப்பினார்கள். மனைவியரும் குழந்தைகளும் கூடவே நடந்தார்கள்.

ஆள் குறைந்த இடத்தை நிரப்ப ஆப்பிரிக்கா சூறையாடப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து நேராக அடிமைகளை ஏற்றிச்செல்ல 1518-இல் ஸ்பெயின் அரசர் சார்லஸ் உரிமம் தந்தார். மொத்தத்தில் சுமார் 1.25 கோடிப் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கடலிலேயே இறந்தார்கள். 1662-இல் வர்ஜீனியா, தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டமியற்றியது. கருப்பையும் முதலாளியின் சொத்தாயிற்று. அடிமை முறை ஒழிந்தபின் அதே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம் தமிழ்ப் பெண்களும் உண்டு.

மக்கள்தொகை வீழ்ச்சி என்ற சொல்லைக் காணும்போது, அங்கே அரைத்தவள், நெய்தவள், பெற்றவள் யார் என்று கேளுங்கள் என்பேன் மாணவிகளிடம். அந்தக் கேள்விக்குப் பிறகு அதே ஆவணம் வேறொன்றாக வாசிக்கக் கிடைக்கும்.