இயக்க வளர்ச்சித் தாமதச் சிகிச்சை

இயக்க வளர்ச்சித் தாமதச் சிகிச்சை என்பது தலை நிற்றல், உட்காருதல், தவழ்தல், நடத்தல், கையால் பற்றுதல் முதலிய திறன்களை உரிய வயதில் பெறாத குழந்தைகளுக்கு அளிக்கப்படும் பயிற்சிகளின் தொகுப்பு ஆகும். இதில் இரு துறைகள் பங்கேற்கின்றன. இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) உடல் நிலை, சமநிலை, நடை ஆகியவற்றைக் கவனிக்கிறது. தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேசனல் தெரபி) கைத்திறனையும் அன்றாடச் செயல்களையும் கவனிக்கிறது. இங்கு "தொழில்" என்பது குழந்தையின் அன்றாட வேலைகளான விளையாட்டு, உண்ணுதல், உடுத்துதல் ஆகியவற்றைக் குறிக்கும்.

காரணங்கள்

குறைமாதப் பிறப்பு, பிறப்பின்போது மூச்சுத்திணறல், பெருமூளை வாதம், டவுன் நோய்க்கூட்டறிகுறி, தசைநோய்கள், தைராய்டு சுரப்புக் குறைவு, ஊட்டச்சத்துக் குறைபாடு ஆகியன முக்கிய காரணங்கள். சில குழந்தைகளில் காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை.

கண்டறிதல்

உலக சுகாதார அமைப்பு 2006 இல் வெளியிட்ட அளவீட்டின்படி, குழந்தைகள் பிடிமானமின்றி உட்காரும் வயது 3.8 முதல் 9.2 மாதங்கள், தனியே நடக்கும் வயது 8.2 முதல் 17.6 மாதங்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிரசவம் எதிர்பார்க்கப்பட்ட நாளிலிருந்து வயது கணக்கிடப்படும்.

இந்தியாவில் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை பயன்படுத்தப்படுகிறது. இதில் 17 செயல்கள் உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைக்கும்போது, அதன் இடப்புறம் முழுமையாக அமையும் செயல் ஒன்றைக் குழந்தை செய்யாவிடில் தாமதம் எனக் கொள்ளப்படும்.

ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல், 18 மாதங்களாகியும் நடவாமை, கற்ற திறனை இழத்தல் ஆகியன உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். குடும்பத்தில் பலரும் தாமதமாக நடந்தனர் என்று காத்திருப்பதால், மூளை விரைந்து வளரும் முதல் இரு ஆண்டுகள் வீணாகலாம். நோயின் பெயர் உறுதியாகும் முன்பே பயிற்சியைத் தொடங்கலாம்.

சிகிச்சை முறைகள்

1940களில் இலண்டனில் பெர்த்தா போபாத், கார்ல் போபாத் இணையர் உருவாக்கிய முறையில், சிகிச்சையாளர் தம் கைகளால் குழந்தையின் அசைவுகளை வழிநடத்துவார். இம்முறை உலகெங்கும் பரவியது. பிற்கால ஆய்வுகள், பிறர் அசைத்துவிடுவதைவிடக் குழந்தை தானே முயன்று செய்யும் பயிற்சியே அதிகப் பயன் தருவதாகக் காட்டின. எண்ணெய் தேய்த்துவிடுதல் குழந்தைக்கு இதமளிக்கலாம்; ஆனால் அதனால் மட்டும் நடை வராது.

* இலக்குசார் பயிற்சி: உருண்டை பிடித்து உண்ணுதல், பாயிலிருந்து எழுதல் போன்ற ஒரு செயலைத் தேர்ந்து, பலமுறை செய்வித்தல்.
* கட்டுப்பாட்டுவழிப் பயிற்சி: உடலின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தையின் நல்ல கைக்கு உறையிட்டு, மற்றக் கையைப் பயன்படுத்தச் செய்தல்.
* துணைக்கருவிகள்: கணுக்கால் தாங்கி, மூலை இருக்கை, நிற்கும் சட்டகம்.

குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் சக்கர நடைகருவி நடையை விரைவுபடுத்துவதில்லை, விபத்துக்கும் இடமாகிறது. கனடா 2004 இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. குழந்தை தானே நின்று தள்ளும் மர நடைவண்டி இதிலிருந்து வேறானது.

இலக்குகளின் எல்லை

பெருமூளை வாதமுள்ள குழந்தைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997 இல் வெளியானது. முதல் நிலையினர் தாமாக நடப்பர். ஐந்தாம் நிலையினருக்குச் சக்கர நாற்காலியும் முழுத் துணையும் தேவை. எனவே எல்லாக் குழந்தைகளுக்கும் நடையே இலக்காகாது. வலியின்றி உட்காருதல், இடுப்பு மூட்டு விலகாமல் காத்தல், பள்ளி செல்லுதல் ஆகியனவும் வெற்றிகளே.

தமிழ்நாடும் புதுச்சேரியும்

சென்னையில் வித்யாசாகர் 1985 முதலும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதலும் இயங்குகின்றன. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையிலும் சத்யா சிறப்புப் பள்ளியிலும் சிகிச்சை பெறலாம். 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர்.

பண்டசோழநல்லூர் போன்ற கிராமங்களிலிருந்து நகருக்கு அடிக்கடி சென்றுவருவது கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு எளிதன்று. இதற்கு ஒரு மாற்று வழியைத் தென்காசி அருகேயுள்ள ஆய்க்குடியில் 1981 இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம் காட்டியது. அங்கு பயிற்சி பெற்ற ஊரகப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பெற்றோருக்குக் கற்றுத்தருகின்றனர். குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் பயிற்சி தொடர்வதால், வாரம் ஒருமுறை கிடைக்கும் சிகிச்சை நாள்தோறும் நடைபெறுவதாகிறது.